பார்சல் குடோனுக்கு ரோபோ: கேமரா முதல் கப்பலூர் வெயில் வரை

மதுரையில் கப்பலூரிலும் ரிங் ரோட்டு ஓரத்திலும் பார்சல் குடோன் நடத்துபவர்கள் ரோபோ என்றதும் முதலில் கேட்பது, "எத்தனை ஆள் மிச்சமாகும்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நம்மிடம் வரும் சரக்கில் எவ்வளவு ரோபோ தூக்கக்கூடியது? இதற்குப் பதில் தெரியாமல் இயந்திரம் வாங்கினால், ஆறு மாதத்தில் அது தார்ப்பாய் போர்த்தி ஓரமாக நிற்கும்.

சாதாரணத் தொழிற்சாலை ரோபோவுக்குக் கண் கிடையாது. சொல்லிக்கொடுத்த இடத்துக்குப் போகும், எடுக்கும், வைக்கும். பார்சல் அப்படி வராது. ஒன்று சாய்ந்து கிடக்கும், ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிக் கிடக்கும், அடுத்து என்ன அளவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மேலே ஒரு கேமரா குவியலைப் பார்க்கிறது. எந்தப் பெட்டி மேலே இருக்கிறது, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் பிடிக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. ரோபோவின் கை அங்கே போய் எடுக்கிறது. இந்த முறையை நம் ஊர் குடோன் ஒன்றில் எப்படிக் கொண்டுவருவது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: சரக்கை எண்ணுங்கள்

குறைந்தது ஒரு வாரம், ஷட்டர் திறந்ததிலிருந்து மூடும் வரை, வரும் ஒவ்வொரு பார்சலையும் ஐந்து வகையாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: அட்டைப்பெட்டி, பாலிதீன் கவர், துணி பண்டல், சாக்கு மூட்டை, மற்றவை. மற்றவை என்றால் பைப் கட்டு, பிளாஸ்டிக் வாளி அடுக்கு, மல்லிகைப்பூ அடைத்த தெர்மாகோல் பெட்டி, சைக்கிள். ஒவ்வொன்றுக்கும் எடை, நீள அகல உயரம், வந்த நேரம்.

நேரம் ஏன் என்றால், சராசரி ஏமாற்றும். நாளைக்கு 8,000 பார்சல் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 333. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சென்னையிலும் கோவையிலும் இரவு கிளம்பிய வண்டிகள் விடியற்காலையில்தான் வந்து நிற்கும். அந்த 8,000-இல் 60 சதவீதம் காலை 4 முதல் 8 மணிக்குள் இறங்கினால், அந்த நேரத்தில் மணிக்கு 1,200. அதில் பாதி அட்டைப்பெட்டி என்றால் 600. ஒரு பெட்டியை எடுத்து வைக்க 6 விநாடி ஆகும் ரோபோ, ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினால்தான் 600 செய்யும். தவறிய பிடி, காலி பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) மாற்றும் நேரம் எல்லாம் போக 500 என்று எடுத்துக்கொள்வதே நியாயம். ஆக, ஒரு கை போதாது. அல்லது ஒரு கையும் அதன் பக்கத்தில் ஓர் ஆளும்.

சீசனையும் சேர்த்துப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணி. புத்தாண்டுக்கு முன்னால் சிவகாசியிலிருந்து காலண்டரும் டைரியும். காலண்டர் கட்டு சின்னதாகத்தான் தெரியும், தூக்கினால்தான் அதன் கனம் புரியும். எடைக் கணக்கைச் சாதாரண மாதத்தில் மட்டும் எடுத்தால் டிசம்பரில் கை திணறும்.

படி 2: எந்த வேலையை ரோபோவிடம் கொடுப்பது

பார்சல் குடோனில் நான்கு வேலைகள். லாரியிலிருந்து இறக்குவது, குவியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கன்வேயரில் வைப்பது, ஊர்வாரியாகப் பிரிப்பது, பேலட்டில் அடுக்குவது. இதில் மிகக் கடினமானது முதலாவது. பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ஸ்ட்ரெட்ச் ரோபோ அதற்கென்றே வந்தது. சுமார் 23 கிலோ வரை தூக்கும், ஆனால் அதற்குப் பிடித்தது அட்டைப்பெட்டி மட்டும் அடுக்கிய வண்டி. நம் லாரியைத் திறந்தால் பெட்டிக்கு மேல் மூட்டை, மூட்டைக்கு இடுக்கில் பைப். அங்கே லோடுமேனுக்கு இணை இல்லை. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

தொடங்க ஏற்ற இடம் இரண்டாவது வேலை. இறக்கிய பெட்டிகளை ரோபோ ஒவ்வொன்றாக எடுத்து, லேபிள் மேலே தெரியும்படி கன்வேயரில் வைக்கட்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு யோசனை. கை எதுவும் இல்லாமல், கன்வேயர் மேல் கேமரா, எடைத்தட்டு, பார்கோடு ரீடர் மூன்றையும் வைத்து அளவெடுக்கும் நிலையம் ஒன்றை முதலில் போடுங்கள். 60×40×40 செ.மீ. பெட்டி ஒன்று 8 கிலோ இருக்கிறது. நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுக்கும் வழக்கப்படி அதன் கன அளவு எடை, அதாவது அடைக்கும் இடத்தைப் பார்த்துப் போடும் எடை, 19.2 கிலோ. கவுண்டரில் டேப் வைத்து அளக்காமல் 8 கிலோவுக்கே பில் போட்டு அனுப்பிய பெட்டிகள் எத்தனை என்று அந்த நிலையம் முதல் வாரத்திலேயே காட்டிவிடும். பல குடோன்களுக்கு ரோபோவைவிட இது சீக்கிரம் போட்ட காசை எடுத்துத் தரும். படி 1-இல் சொன்ன கணக்கெடுப்பும் அதன்பின் தானாக நடக்கும்.

படி 3: லேபிள்

ரோபோத் திட்டம் பெரும்பாலும் தோற்பது புக்கிங் கவுண்டரில்தான். மாசி வீதிக் கடையிலிருந்து வரும் துணி பண்டலைப் பாருங்கள். தைத்த துணியின் மேல் மார்க்கர் பேனாவால் கடைப் பெயர், ஊர், ஒரு போன் நம்பர். ஊர் பெயரில் பாதி மடிப்புக்குள் போயிருக்கும். பத்து வருடம் வேலை பார்த்த லோடுமேன் எழுத்தின் சாய்வைப் பார்த்தே இன்ன கடை, இன்ன ஊர் என்று சொல்லிவிடுவார். கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கையெழுத்தைப் படிக்கும் மென்பொருளை நம்பி பிரிப்பு நடத்தாதீர்கள்.

எல்.ஆர். (லாரி ரசீது) போடும்போதே பார்கோடு ஸ்டிக்கர் அச்சாகி ஒட்டப்பட வேண்டும். எங்கே ஒட்டுவது என்பதையும் எழுதி வையுங்கள்: பெட்டியின் மிகப் பெரிய முகத்தில், டேப் ஓடும் நடுக்கோட்டை விட்டு விலகி, எந்த மடிப்பிலும் ஏறாமல். தெர்மல் ஸ்டிக்கர் வெயிலிலும் உரசலிலும் மங்கும். கொஞ்சம் விலை கூடினாலும் மேல்பூச்சு உள்ள தாளாக வாங்குங்கள்.

அப்புறம் பின்கோடு. முதல் மூன்று இலக்கத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று வெளியூர் மென்பொருள்காரர் சொல்வார். திண்டுக்கல் 624, விருதுநகர் 626, ராமநாதபுரம் 623 வரை அது சரிதான். ஆனால் மேலூர் 625106, திருமங்கலம் 625706, தேனி 625531, கம்பம் 625516. எல்லாமே 625. மூன்று இலக்கத்தை நம்பினால் கம்பத்துக்குப் போக வேண்டியது மேலூர் வண்டியில் ஏறும். உசிலம்பட்டி 625532, தேனிக்கு ஒரே ஓர் எண் தள்ளி. ஆனால் மாவட்டமே வேறு. ஆறு இலக்கத்தையும் உங்கள் வண்டித் தடத்தோடு பொருத்தும் அட்டவணை ஒன்றைத் தயார் செய்யுங்கள். இதை உங்கள் டெஸ்பாட்ச் ஆள்தான் செய்ய முடியும், மென்பொருள் கம்பெனியால் முடியாது.

படி 4: கேமரா

ஆழம் பார்க்கும் கேமராவில் மூன்று வகை அதிகம் புழக்கத்தில் உண்டு. இரண்டு லென்ஸ் வைத்து, இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் தூரம் கணக்கிடுவது ஸ்டீரியோ. கோடுகளையோ புள்ளிகளையோ பொருளின் மேல் வீசி, அவை எப்படி வளைகின்றன என்று பார்ப்பது இன்னொன்று. துல்லியம் அதிகம், விலையும் அதிகம். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது மூன்றாவது. பெட்டியை உறிஞ்சி எடுக்க மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியம் தேவையில்லை. நல்ல ஸ்டீரியோ கேமராவே பெரும்பாலும் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஸ்டீரியோவில் தூரம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகும். ஆகவே கூரையில் உயரத் தொங்கவிடாமல், கை இடிக்காத அளவுக்குத் தாழ்வாகப் பொருத்துங்கள்.

அதே கேமராவால் பார்கோடும் படித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 1,280 புள்ளி அகலமுள்ள படத்தில் 1.2 மீட்டர் பேலட் தெரிந்தால் ஒரு புள்ளிக்குக் கிட்டத்தட்ட 1 மி.மீ. பார்கோடின் மெல்லிய கோடு வழக்கமாக 0.33 மி.மீ.; அதைப் படிக்கக் கோட்டுக்கு இரண்டு புள்ளியாவது வேண்டும். கணக்குப் போட்டால் 1.2 மீட்டருக்கு 7,000 புள்ளிக்கு மேல். எனவே பார்கோடுக்குத் தனி ரீடர், கன்வேயரின் குறுகலான இடத்தில்.

இனி நம் ஊர் சங்கதி. தகரக் கூரை, நடுவில் வெளிச்சத்துக்காக ஒளி புகும் ஷீட், கிழக்கே பார்த்த ஷட்டர். காலை ஏழு மணிக்கு வெயில் நேராக உள்ளே விழும்போது, அகச்சிவப்பு வீசும் கேமராவுக்குப் பேலட்டின் பாதி காணாமல் போகும். கேமராவைச் சோதிக்கும் நாளில் ராத்திரி வந்து பார்த்துவிட்டுப் போகாதீர்கள். வெயில் விழும் நேரத்தில் பாருங்கள். ஷட்டர் பக்கம் கனத்த திரை, ரோபோ நிற்கும் இடத்துக்கு மேலே ஒளி புகாத ஷீட், கூடவே சொந்த விளக்கு. அது போதும்.

கறுப்பு பாலிதீன், பளபளக்கும் ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றிய பெட்டி, இவை இரண்டும் எந்த வெளிச்சத்திலும் தலைவலிதான். ஒன்று ஒளியை விழுங்கும், மற்றொன்று வேறு திசையில் திருப்பிவிடும். ஆழப்படத்தில் அந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும். வண்ணப்படத்தில் ஓரத்தைக் கண்டுபிடித்து, சுற்றியுள்ள ஆழத்தை வைத்து நிரப்பும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று கேளுங்கள். "எங்கள் கேமராவுக்கு எதுவும் பிரச்சினையில்லை" என்று பதில் வந்தால் கறுப்பு கவர் ஒன்றைக் கையோடு கொடுத்துப் பாருங்கள்.

படி 5: பிடி

பிடி என்பது கையின் நுனியில் மாட்டும் பாகம். பெட்டிக்கு வெற்றிட உறிஞ்சு கப். எத்தனை கப் வேண்டும் என்பது எளிய கணக்கு. 40 மி.மீ. விட்டமுள்ள கப்பின் பரப்பு 12.6 சதுர செ.மீ. வெற்றிடம் 60 கிலோபாஸ்கல் இருந்தால் ஒரு கப் சுமார் 75 நியூட்டன் விசையில் பிடிக்கும். 10 கிலோ பெட்டியின் எடை 98 நியூட்டன். கை வேகமெடுக்கும்போது இன்னொரு 50 சேரும். பாதுகாப்புக்கு இரண்டு மடங்கு என்றால் ஏறத்தாழ 300. நான்கு கப்.

இது காகிதத்தில். அட்டைப்பெட்டி காற்றுக் கசியும் பொருள். பழைய அட்டை, ஓரம் நசுங்கியது, டேப்பின் விளிம்பு, சுருங்கிய ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் கசியும். கசிந்து 30 கிலோபாஸ்கலுக்கு இறங்கினால் அதே பெட்டிக்கு எட்டு கப். அதனால் பார்சல் வேலைக்கு உயர்ந்த வெற்றிடத்தைவிட அதிகக் காற்றை இழுக்கும் பம்பு முக்கியம். வளைந்து கொடுக்கும் மடிப்புள்ள கப் வாங்குங்கள். பிடிக்காத கப்பைத் தனித்தனியே மூடும் வால்வும் இருக்கட்டும், ஒரு கப் கசிந்தால் மற்றவையும் விட்டுவிடக் கூடாது.

சாக்கு மூட்டையை உறிஞ்ச முடியாது, சணலின் கண்களில் காற்று ஓடிவிடும். ஊசி குத்திப் பிடிக்கும் பிடிகள் உண்டு, ஆனால் உள்ளே சுங்குடிச் சேலை இருந்தால் யார் பதில் சொல்வது? மூட்டையும் பண்டலும் மனிதர் கைக்கே.

படி 6: கை

தூக்கும் திறன் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது பிடியின் எடையையும் சேர்த்துத்தான். யு.ஆர்.10இ என்ற மாடலுக்கு 12.5 கிலோ, எட்டும் தூரம் 1.3 மீட்டர். 3 கிலோ பிடியைப் பொருத்தினால் மிச்சம் 9.5. மேலே கணக்குப் போட்ட 10 கிலோ பெட்டிக்கே போதாது. உங்கள் எடைப் பட்டியலில் 90 சதவீதப் பெட்டிகள் எந்த எடைக்குள் அடங்குகின்றன என்று பார்த்து, அதோடு பிடியின் எடையைக் கூட்டி, அதற்கு மேலான மாடலைத் தேர்ந்தெடுங்கள். மீதி 10 சதவீதத்துக்காகப் பெரிய கை வாங்கினால் இடமும் வேலியும் கூடும்.

படி 7: கேமராவையும் கையையும் பொருத்துவது

கேமரா சொல்லும் இடமும் கை போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். சதுரங்கக் கட்டம் அச்சிட்ட தட்டைக் கையில் மாட்டி, பதினைந்து இருபது நிலைகளில், நன்றாகச் சாய்த்தும் திருப்பியும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் நேராகவே காட்டினால் கணக்கு சரியாக வராது. ஓப்பன்சிவி, ரோஸ் 2 போன்ற இலவச மென்பொருள்களிலேயே இதற்கான வழி இருக்கிறது.

முடிந்ததும் திரையில் வரும் எண்ணை மட்டும் நம்பாமல், கையில் கூர்முனை மாட்டி, பேலட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் கேமரா சொன்ன புள்ளியைத் தொடச் சொல்லுங்கள். 5 மி.மீ.க்குள் இருந்தால் உறிஞ்சு கப்புக்குப் போதும். கேமரா அரை டிகிரி திரும்பினாலே 1.5 மீட்டரில் 13 மி.மீ. விலகும். ஃபோர்க்லிஃப்ட் ஒருமுறை தூணில் மோதினால் போதும். அதனால் கேமராத் தூணைத் தரையில் தனியாக போல்ட் போடுங்கள், கூரைச் சட்டத்தில் கட்ட வேண்டாம். வெயிலில் தகரமும் சட்டமும் விரிவதால் காலையில் சரியாக இருந்தது மதியம் இருக்காது. தொட்டுப் பார்க்கும் சோதனையை வாரம் ஒருமுறை செய்யுங்கள்.

படி 8: மென்பொருள்

வேலை இந்த வரிசையில் ஓடும்: படம் எடு, பெட்டிகளைத் தனித்தனியாகப் பிரி, மேலே உள்ளதைத் தேர்ந்தெடு, பிடிக்கும் புள்ளியைக் கண்டுபிடி, இடிக்காத பாதை போடு, எடு, எடுத்தோமா என்று சரிபார்.

பெட்டிகளைப் பிரிக்கும் இடத்தில்தான் கோளாறு வரும். ஒரே பழுப்பு நிறத்தில் இரண்டு பெட்டி ஒட்டி நின்றால் ஒன்று என்று நினைக்கும். மாறாக, ஒரே பெட்டியின் நடுவில் ஓடும் டேப்பை எல்லையாக நினைத்து இரண்டு என்று சொல்லும். பாதிப் பெட்டியைப் பிடிக்கப் போய்ச் சாய்த்துவிடும். இதற்கு மருந்து உங்கள் சரக்கின் படங்கள்தான். பொதுவான படங்களில் பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு மாடலை எடுத்து, உங்கள் குடோனில், உங்கள் வெளிச்சத்தில் எடுத்த சில ஆயிரம் படங்களால் மேலும் பழக்க வேண்டும். நசுங்கியது, ஈரம்பட்டது, கயிறு கட்டியது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

சரிபார்ப்புக்கு இரண்டு வழி: வெற்றிட அளவு, கன்வேயரின் எடைத்தட்டு. எடை பில்லோடு ஒத்துவராவிட்டால் ஒருவேளை இரண்டு பெட்டி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஒரே பெட்டியை இரண்டு முறை தவறவிட்டால் மூன்றாவது முறை முயலக் கூடாது. ஒதுக்கிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். 2015 முதல் 2017 வரை அமேசான் நடத்திய பொருள் எடுக்கும் ரோபோப் போட்டியில் உலகின் சிறந்த ஆய்வுக்கூடங்களே தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் கற்றன. 2017-இல் ஜெயித்த ஆஸ்திரேலிய அணியின் ரோபோ விலையுயர்ந்த கை அல்ல, கிரேன்போல் மூன்று திசையில் நேராக நகரும் மலிவான சட்டம். நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இணையம் போனாலும் பிரிப்பு ஓட வேண்டும். பின்கோடு அட்டவணையும் அன்றைய எல்.ஆர். பட்டியலும் குடோனுக்குள் இருக்கும் கணினியிலேயே இருக்கட்டும்.

படி 9: பாதுகாப்பு

இதில் சிக்கனம் கூடாது. தொழிற்சாலை ரோபோவுக்கான ஐ.எஸ்.ஓ. 10218 தரநிலை 2025-இல் திருத்தி வெளியாகியிருக்கிறது. விற்பவரிடம் அதன்படி செய்த அபாய மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். வேலிக்குப் பதில், ஆள் நெருங்கினால் ரோபோவை நிறுத்தும் லேசர் ஸ்கேனரைத் தரையோரம் வைத்தால் தூரக் கணக்கு முக்கியம். ஆள் விநாடிக்கு 1.6 மீட்டர் நடப்பதாகக் கொள்வது விதி. ஆளைப் பார்த்ததிலிருந்து கை முழுதாக நிற்க அரை விநாடி என்றால் 0.8 மீட்டர், ஸ்கேனர் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதற்காக இன்னும் 1.12 மீட்டர். மொத்தம் குறைந்தது 1.92 மீட்டர். இடம் இல்லையென்றால் வேலி போடுங்கள். டீ வந்ததும் எல்லோரும் குறுக்கு வழியில்தான் போவார்கள். அந்த வழி ஸ்கேனர் எல்லைக்குள் இருந்தால் ரோபோ நாள் முழுக்க நின்று நின்று ஓடும். நடைபாதையை முதலில் மாற்றுங்கள்.

ரோபோவைவிடக் கன்வேயர் உருளைதான் அதிகம் பயப்பட வேண்டியது. தோளில் துண்டு, இடுப்பில் கைலி. உருளைக்கு மூடி, இழுத்தால் நிற்கும் கயிறு, துண்டுக்குப் பதிலாக வேலை உடுப்பு மூன்றும் கட்டாயம்.

மின்சாரம் போகும்போது கையில் பெட்டி இருக்கும். வெற்றிடக் குழாயில் காற்று திரும்பாத வால்வும், சிறு சேமிப்புத் தொட்டியும் வையுங்கள். ஜெனரேட்டர் எடுக்கும் வரை பிடி விடாது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கணினிக்கும் யுபிஎஸ். கட்டுப்பாட்டுப் பெட்டி எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கேட்டு, சித்திரை மதியத்தில் தகரக் கூரைக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

படி 10: சோதித்து வாங்குவது

விற்பவர் காட்டும் டெமோவில் பெட்டிகள் எல்லாம் புதிது, ஒரே அளவு. பணத்தின் கடைசித் தவணையை உங்கள் குடோனில், உங்கள் சரக்கில், காலை நான்கு மணி நெரிசலில் நடக்கும் சோதனைக்குப் பிறகு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: மணிக்கு எத்தனை, மணிக்கு எத்தனை முறை ஆள் உள்ளே போக வேண்டியிருந்தது, நின்றால் மறுபடி ஓட எத்தனை நிமிடம். முதல் எண்ணை எல்லோரும் சொல்வார்கள். குடோனின் தலையெழுத்தை நிர்ணயிப்பது இரண்டாவது. மணிக்கு இருபது முறை ஆள் போகிறார் என்றால் ஓர் ஆளை ரோபோவுக்கு வேலைக்காரனாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உதிரியாக உறிஞ்சு கப், காற்று வடிகட்டி, கேமரா கேபிள் கையிருப்பில் இருக்கட்டும். கேமராக் கண்ணாடியை ஷிஃப்டுக்கு ஒருமுறை மென்துணியால் துடைக்க வேண்டும். அட்டைத் தூசியும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து படிவது கண்ணுக்குத் தெரியாது, தவறும் பிடிகளின் எண்ணிக்கையில்தான் தெரியும்.

லோடுமேன்களிடம் இயந்திரம் வந்து இறங்கிய பிறகு பேசக் கூடாது. கூலி உருப்படிக் கணக்கில் இருந்தால், இலகுவான பெட்டிகளை ரோபோ எடுத்துக்கொண்டு கனத்த மூட்டைகளை மட்டும் அவர்களுக்கு விடும். பழைய கூலிக்கு அது அநியாயம். மூட்டைக்கான கூலியை முதலில் பேசி முடியுங்கள். ரோபோவைப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து ஐ.டி.ஐ. முடித்த ஒருவரை எடுத்தாலும், கூடவே பழைய ஆள் ஒருவரையும் பழக்குங்கள். எந்தப் பெட்டி அடியில் கிழியும் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஓட்டம் தொடங்க ஏற்ற காலம் தை பிறந்த பின். பொங்கல் சரக்கு ஓய்ந்திருக்கும், காலண்டர் சீசனும் முடிந்திருக்கும். கோடை வெப்பத்தில் கோளாறுகள் வெளியே வரும், ஆடித் தள்ளுபடிச் சரக்கில் ஒரு நடுத்தர நெரிசலைப் பார்த்துவிடலாம். புரட்டாசிக்குள் மணிக்கு எத்தனை முறை ஆள் போகிறார் என்ற எண் இறங்கவில்லையென்றால், தீபாவளி முடியும் வரை ரோபோவை இரவு நேர வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காலை நெரிசலைப் பழையபடி ஆட்களிடமே விடுங்கள்.